மீண்டதற்குச் சான்று கேட்கும் கல்லூரிகள்

போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் மாணவர் கல்லூரியிடம் கேட்பவை பெரும்பாலும் சிறியவையே. சிகிச்சை நாட்களுக்கு வருகைப்பதிவில் தளர்வு, தவறிய தேர்வை மீண்டும் எழுத ஒரு வாய்ப்பு. ஆனால் இவற்றை உரிமையாகக் கேட்க அவர் எந்தச் சான்றைக் காட்டுவது?

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் வைக்கிறது. அதற்குச் சில மாதங்களே முன்பு, 2016 டிசம்பரில் இதே நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ, ஏறக்குறைய அதே வரையறையைத் தந்துவிட்டு இந்தச் சொற்களை மட்டும் சேர்க்கவில்லை. மருத்துவமனையில் நோயாளியாக நடத்தப்படுபவர் கல்லூரிக்குள் நுழைந்ததும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவராகிவிடுகிறார்.

எனினும் கதவு முழுதாக அடைபடவில்லை என்றே நாம் கருதுகிறோம். மாற்றுத்திறனாளி யார் என்பதை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது வரையறை அட்டவணையோடு கட்டிப்போடவில்லை. நீண்டகாலக் குறைபாடும் சமூகத் தடைகளும் சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுப்பதே அதன் அளவுகோல். நியாயமான சிறப்பு ஏற்பாடுகளைப் பெற 40 விழுக்காட்டுச் சான்று கட்டாயமன்று என்பதை விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. இவ்விரண்டையும் கொண்டு வாதிட இடமுண்டு.

தலித் மாணவருக்கு இதில் இன்னொரு சுமையும் இருக்கிறது. இட ஒதுக்கீட்டில் சேர்ந்த நாள் முதல் அவரது தகுதியையே ஐயுறும் வகுப்பறையில், 'போதை அடிமை' என்று எழுதிய தாள் அந்த ஐயத்துக்கு முத்திரை குத்திவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் மனநல மருத்துவர் 'உடல்நலக் குறைவு' என்று நாகரிகமாக எழுதித் தருவார். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அந்த மறைப்பு வாய்ப்பதில்லை. பதிவு பெறாத மறுவாழ்வு இல்லத்தில் தங்கி மீண்டவரிடமோ காட்டுவதற்கு எந்தத் தாளும் இராது.

சிகிச்சை விவரங்களை வெளியிடாமல் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மருத்துவர் மீது சுமத்துகிறது. கல்லூரி அலுவலகத்துக்கு வந்துவிட்ட தாளை யார் காப்பது? விடுதிக் காப்பாளர் முதல் துறைத்தலைவர் வரை பலர் கைமாறும் தாள் அது.

ஆகவே சான்றில் நோயின் பெயரும் கடந்தகால வரலாறும் தேவையில்லை. மாணவருக்கு என்ன ஏற்பாடு, எத்தனை காலம் வேண்டும் என்பது போதும். மாற்று மருத்துவ மையத்தில் நாள்தோறும் செவிலியர் முன்னிலையில் புப்ரினார்ஃபின் உட்கொள்ள வேண்டியவருக்கு, "காலை முதல் வகுப்புக்குத் தாமதமாக வர அனுமதிக்கவும்" என்ற ஒரே வரி போதுமானது. சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கும் அதிகாரம் கல்லூரிக்கு எந்தச் சட்டத்திலிருந்து வந்தது என்பதை, அவ்வாறு கேட்பவர்களே விளக்கட்டும்.