சுடுகாட்டுக் காவலும் காற்றாலைக் காவலும்



சோகக் கதை என்றாலே "அழுவாச்சிப் படம்டா" என்று எழுந்து போகிற வயது நமக்கு. இந்த மலரில் கவிதைகளும் துணுக்குகளும் ஏராளமாக வரும் என்பதால், நான் சோகத்தைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் சோகம் புதிதல்ல. திருவிழா மேடைகளில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த இசை நாடகங்களை நம் தாத்தா பாட்டிமார் விடிய விடியப் பார்த்தவர்கள். அதிலும் அரிச்சந்திரன் 'மயான காண்டம்' என்றால் சொல்லவே வேண்டாம். எங்கள் அனுமந்தன்பட்டியில் வயதானவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் கதையை ஒரு வரி விடாமல் சொல்வார்கள். நாட்டைக் கொடுத்தவன், மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்றவன், கடைசியில் தன்னையும் விற்றுச் சுடுகாட்டுக்குக் காவல்காரன் ஆகிறான். பெற்ற மகனின் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மனைவியே வந்து நிற்கும்போது, எரிக்கிற கூலியைக் கேட்கிறான். இதைவிடப் பெரிய குடும்பச் சோகம் உலகத்தில் எந்த நாடகத்திலாவது உண்டா?

ஆனால் விடிகாலையில் கடவுள் வந்துவிடுவார். மகன் பிழைப்பான், நாடு திரும்பும். அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

நான் சொல்ல வந்தது இன்னொரு காவல்காரனைப் பற்றி. அவன் பெயர் ரங்கசாமி. 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தின் நாயகன். லெனின் பாரதி இயக்கிய படம், விஜய் சேதுபதி தயாரிப்பு, இசை நம்ம பண்ணைப்புரத்து இளையராஜா. "இது சினிமாதானே, நாடகம் எங்கே வந்தது?" என்று சிலர் கேட்கலாம். மேடையில் நடந்தால் என்ன, திரையில் நடந்தால் என்ன? மனிதன் விழுவதைக் காட்டுகிற கதைதானே இரண்டும்!

ரங்கசாமி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறக்குகிறவன். அவன் ஆசை பங்களா அல்ல, கார் அல்ல. சொந்தமாக ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். காசு சேர்த்து ஏலக்காய் வாங்கி விற்றுப் பார்க்கலாம் என்று கிளம்பினால், மூட்டை மலைச்சரிவில் விழுந்து காய் அத்தனையும் சிதறிப் போகிறது. பிறகு கடன் சொல்லி நிலம் வாங்குகிறான். பிறகு ஜெயில். விதைக்கும் உரத்துக்கும் வாங்கின கடன் ஏறிக்கொண்டே போய் நிலத்தை விழுங்கிவிடுகிறது. கடைசியில் அதே நிலத்தில் காற்றாலை நிற்கிறது, அதன் அடியில் செக்யூரிட்டியாக ரங்கசாமி உட்கார்ந்திருக்கிறான். தன் மண்ணுக்குத் தானே கூலிக் காவல்!

அரிச்சந்திரனும் காவல்காரன், ரங்கசாமியும் காவல்காரன். ஆனால் அரிச்சந்திரனைச் சோதித்தவர் யார் என்று நமக்குத் தெரியும், விசுவாமித்திரர். சோதித்தவர் ஒருவர் இருந்ததால் திருப்பிக் கொடுக்கவும் ஒருவர் இருந்தார். ரங்கசாமியை யார் சோதித்தது? உரக்கடைக்காரரா, ரோடு போட்டவர்களா, கம்பெனியா? எல்லாரும் அவரவர் கணக்கைத்தான் பார்த்தார்கள். கணக்கில் போனது விடிகாலையில் திரும்பி வராது. பழைய சோகத்துக்கும் இந்தக் காலச் சோகத்துக்கும் வித்தியாசம் இதுதான் என்பது என் கருத்து.

இதே விஷயத்தை அமெரிக்காவில் ஒருவர் நாடகமாகவே எழுதியிருக்கிறார். ஆர்தர் மில்லர் எழுதிய 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்', 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது. ஆங்கில ஆசிரியர் கொடுத்த புத்தகத்தை, பக்கத்தில் டிக்சனரியை வைத்துக்கொண்டு ஒரு செமஸ்டர் லீவு முழுக்கப் படித்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியே தூங்கவிடவில்லை.

வில்லி லோமன் அறுபது தாண்டிய சேல்ஸ்மேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாழ்நாளைக் கழித்தவனை, முதலாளியின் மகன் ஒரே நாளில் வேலையை விட்டுத் தூக்கிவிடுகிறான். வீட்டுக் கடன் 25 வருஷத் தவணை. மூத்த மகன் பிஃப் பள்ளியில் கால்பந்து வீரன், கணக்கில் ஃபெயில். (நம் எம்-1, எம்-2 பேப்பர் ஞாபகம் வருகிறதா?) அவன் பெரிய ஆளாக வருவான் என்று அப்பா கட்டின கோட்டை சரிகிறது. அப்பா மகனைக் குறை சொல்கிறார், மகன் அப்பாவைக் குறை சொல்கிறான், நடுவில் அம்மா லிண்டா. கடைசியில் இன்சூரன்ஸ் பணமாவது மகனுக்குக் கிடைக்கட்டும் என்று வில்லி காரை ஓட்டிக்கொண்டு போய் உயிரை விடுகிறான். அதற்கு முன் ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு, வெயிலே விழாத கொல்லையில் விதை ஊன்றுகிறான் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு ரங்கசாமி ஞாபகம் வந்துவிட்டது.

முதலாளியிடம் கத்த முடியாதவன் மகனிடம் கத்துகிறான். கடன்காரனிடம் கேட்க முடியாத கேள்வியை மனைவியிடம் கேட்கிறான். வெளியே தோற்ற ஆசைக்கு வீட்டுக்குள்தான் வட்டி கட்டுகிறோம். ரங்கசாமி வீட்டில் பெரிய சண்டை எதையும் நான் படத்தில் பார்க்கவில்லை. அவனுக்குச் சண்டை போடக்கூட நேரம் இல்லை என்றுதான் தோன்றியது.

நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். எங்கள் வீட்டிலும் நான்தான் முதல். அப்பா குத்தகைக்குத் திராட்சைப் பந்தல் பிடித்தார். காய்ப்பு நல்ல காய்ப்பு. பறிக்கிற நேரத்தில் மழை பெய்து பழமெல்லாம் வெடித்துப் போச்சு. அந்த வருஷம் அக்கா பிளஸ் டூவோடு நின்றாள், நான் டிப்ளமோவில் சேர்ந்தேன். அதற்கப்புறம் சாப்பிட உட்கார்ந்தாலே பேச்சுத்தான். "உன்னைய நம்பித்தாண்டா இத்தனையும்" என்பார் அப்பா. "நானாப்பா சேத்துவிடச் சொன்னேன்?" என்று நான் எகிறுவேன். அம்மா தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடுவார். பந்தலைப் பற்றி யாரும் பேசியதில்லை. சண்டையே பந்தலைப் பற்றித்தான் என்று மில்லரைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

அந்த நாடகத்தில் இரண்டாவது மகன் ஒருவன் உண்டு. பெயர் ஹாப்பி, சந்தோஷம் என்று அர்த்தம். "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருப்பான், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் வீட்டின் கனவு முழுக்க மூத்தவன் தலையில். எங்கள் அக்கா அப்பாவோடும் சண்டை போட்டதில்லை, என்னோடும் போட்டதில்லை. காலையில் பந்தல் வேலைக்குப் போய்விட்டு வருவாள். குடும்பச் சண்டை என்றால் கத்துகிற இரண்டு பேரைத்தான் பார்க்கிறோம். மூன்றாவதாக ஒரு ஆள் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பற்றி யார் நாடகம் எழுதுவது?

"வில்லியின் கனவே தப்பு, அதனால்தான் அழிந்தான்" என்பார்கள். நாடகத்தின் முடிவில் பிஃப்பே கிட்டத்தட்ட அப்படித்தான் பேசுகிறான். வில்லிக்கு அது பொருந்தலாம். ரங்கசாமிக்குப் பொருந்துமா? ஒரு துண்டு நிலம் கேட்டது பேராசையா? எங்கள் அப்பா பந்தல் பிடித்தது பேராசையா? சரியான கனவும் தோற்கும் என்று ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனசு வருவதில்லை. அதனாலேயே தோற்றவனிடம் ஏதாவது குற்றம் இருந்தே தீரவேண்டும் என்று வீட்டுக்குள் தேட ஆரம்பிக்கிறோம்.

இதில் எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. காற்றாலை பராமரிப்புக்கு டிப்ளமோக்காரர்களையும் எடுக்கிறார்கள். நாளைக்கு நம்மில் ஒருவன் ஹெல்மெட், பெல்ட் மாட்டிக்கொண்டு அந்தக் கோபுரத்தில் ஏறுவான். கீழே கேட்டைத் திறந்துவிட்டு, "வாங்க சார்" என்று ஒரு பெரியவர் சல்யூட் அடிப்பார். அந்த வேலை கிடைத்தால் நானும் சந்தோஷமாகப் போவேன், எங்கள் வீட்டுக் கடன் அப்படி! ஆனால் அந்தப் பெரியவரிடம், "இந்த எடம் முன்னாடி யாரோடதுங்கய்யா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் வருஷா வருஷம் மிமிக்ரியும் சினிமாப் பாட்டு டான்ஸும்தான். அடுத்த முறை இருபது நிமிஷம் மட்டும் நாடகத்துக்குக் கொடுங்கள். ஒரு வீடு, ஒரு குண்டு பல்பு, சாப்பாட்டுத் தட்டு முன்னால் அப்பா, எதிரே டிப்ளமோ படிக்கிற மகன், வாசல்படியில் அக்கா. கடவுள் வேஷம் வேண்டாம். உரக்கடைக்காரர் வேஷத்துக்கு சிவில் டிபார்ட்மெண்டில் ஒருவன் இப்பவே ரெடி, பேரம் பேசுவதில் கில்லாடி. அக்கா வேஷத்துக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை, வசனமே இல்லை என்கிறார்கள்.

— இயந்திரவியல் மாணவன், அனுமந்தன்பட்டி