திடலில் பார்த்த படமும் அம்மா சொன்ன கதையும்

தீபாவளிக்கு அக்காள் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கோலாலம்பூரில் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. முறுக்கைக் கடித்துக்கொண்டே, "மாமா, பழைய படங்களில் உங்களுக்கு மறக்கவே முடியாத காட்சி எது?" என்று கேட்டாள். அவர்களுடைய அலுவலகத் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு காட்சியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இவளுடைய முறை வந்திருக்கிறது. பழைய படம் என்று அவள் சொன்னது 'தளபதி'யை என்பது பிறகுதான் தெரிந்தது. அது போகட்டும்.

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மறக்காத காட்சி, நான் பார்க்காத காட்சி. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தோட்டத்துத் திடலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோலகுபு பாருவிலிருந்து ரவாங் பக்கம் வரும் வழியில் அம்பாங் பெச்சா என்று ஒரு சின்னப் பட்டணம் இருக்கிறது. 'உடைந்த அணை' என்று பொருள். 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபுவை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்போதைய வெள்ளைக்கார மாவட்ட அதிகாரியும் அந்த வெள்ளத்தில் மாண்டார். அந்தப் பெயர் இன்னும் நிற்கிறது. அதற்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன் நான்.

மாதத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் சம்பளம் போட்ட வாரச் சனிக்கிழமையில், தோட்டத்தில் படம் போடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வேன் வந்துவிடும். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் திரையை இழுத்துக் கட்டும்போதே நாங்கள் சாக்கையும் பாயையும் போட்டு இடம் பிடித்துவிடுவோம். கச்சான் பூத்தே விற்பவர் சைக்கிளில் வந்து சேருவார். 16 எம்.எம். புரொஜெக்டரில் ஒரு பெரிய ரீல் முக்கால் மணி நேரம்கூட ஓடாது. மூன்று மணி நேரப் படத்துக்கு நாலு ரீல். ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டு மாற்றுவார்கள். அந்த இடைவெளியில்தான் பாதி ஊர்ச் சண்டையும் பாதிக் கல்யாணப் பேச்சும் நடக்கும்.

இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கே எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும். 'நாடோடி மன்னன்' படத்தில் எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லி, முன்வரிசைக்காரனோடு சண்டை போட்டவன் நான். 1958-இல் வந்த அந்தப் படம் பாதிக்கு மேல் வண்ணமாக மாறும். கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்த திரை திடீரென்று நிறம் பூண்ட அந்த நொடியில் திடல் முழுக்க எழுந்த 'ஆ' என்ற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஐமேக்ஸில் உட்கார்ந்தாலும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' போட்ட அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் நேருக்கு நேர் மோதும் காட்சி எல்லாருக்கும் தெரியும். சிவாஜி வரி கட்ட மறுத்துப் பேசும் வசனத்தைப் பள்ளி மேடையில் பேசாத தமிழ்ப் பையன் எங்கள் காலத்தில் கிடையாது. ஜாக்சனாக நடித்த சி.ஆர். பார்த்திபனைக் கடைசிவரை 'ஜாக்சன் துரை' என்றே மக்கள் அழைத்தார்கள். சிவாஜிக்கு 1960-இல் கெய்ரோவில் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்த படம் அது. ஆனால் எங்கள் திடலில் அந்தக் காட்சிக்கு வேறொரு பொருள் இருந்தது. எங்கள் தோட்ட மேனேஜரும் துரைதான். அவரை நாங்கள் வேறு பெயரால் அழைத்ததே இல்லை. திரையில் ஒருவன் துரையைப் பார்த்துக் கண்ணை உருட்டி, கை நீட்டிக் கேள்வி கேட்கிறான். திடலில் முதலில் ஒரு நொடி அமைதி. பிறகு பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள், அப்புறம் திடலே அதிர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய கிராணி மெல்லத் திரும்பி, மேட்டில் இருந்த பங்களா விளக்கைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மறுநாள், திங்கட்கிழமை விடிகாலைப் பெரட்டில், அதே கூட்டம் துரையின் ஜீப் சத்தம் கேட்டதும் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டது. என் அப்பாவும்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. துண்டை எடுக்காதவருக்கு மேட்டுக்காட்டில் கடைசி நிரை கிடைக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

சிரிப்புக் காட்சி என்று கேட்டால் எனக்கு ஒரே ஒரு பதில்தான். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில், படம் எடுக்கப்போகிறேன் என்று சொல்லும் செல்லப்பா, தன் அப்பா விஸ்வநாதனுக்குக் கதை சொல்லும் காட்சி. நாகேஷும் பாலையாவும். இதை எத்தனை முறை பார்த்தாலும் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. அந்தக் காட்சியில் பேய் இல்லை. இருட்டு இல்லை. சொல்லப்போனால் கதையே இல்லை. ஒருவர் வாயாலேயே சத்தங்களை எழுப்பிக்கொண்டு நெருங்கி நெருங்கி வருகிறார், இன்னொருவர் உட்கார்ந்து கேட்கிறார். சிரிப்பு நாகேஷிடம் பிறக்கிறது என்று சின்ன வயதில் நினைத்தேன். இப்போது பார்த்தால் பாலையாவின் முகத்தில்தான் பிறக்கிறது என்று தோன்றுகிறது. மகனைத் திட்டுவதா, பயப்படுவதா என்று முடிவு செய்ய முடியாத ஒரு பெரிய மனிதரின் முகம். பாலையா வில்லனாகப் பல படங்களில் மிரட்டியவர். மிரட்டத் தெரிந்தவர் மிரண்டால்தான் அவ்வளவு சிரிப்பு வரும்.

அந்தப் படத்தில் பாலையா ஓர் எஸ்டேட் முதலாளி. வேலையை விட்டு அனுப்பப்பட்ட இளைஞன் அவருடைய பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராட்டம் பண்ணுகிறான். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுலபமா இருந்தா நாங்க எதுக்குய்யா மாசாமாசம் சந்தா கட்டுறோம்" என்றார். அதுவும் எனக்கு நாகேஷ் காட்சிக்குக் குறையாத நகைச்சுவைதான்.

'தில்லானா மோகனாம்பாள்' பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணிக்காக இன்னொரு வாரம் தனியாக ஒதுக்குகிறேன். இப்போது நான் பார்க்காத காட்சிக்கு வருகிறேன்.

பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே எழுந்து பழகியவர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் பெரியவர்களுக்கே கண் சொருகும். பிள்ளைகளைக் கேட்க வேண்டாம். நான் எந்தப் படத்திலும் மூன்றாவது ரீலைத் தாண்டியதில்லை. அம்மா மடியில் தலை சாய்ந்தால் விடிந்து லயத்தில்தான் கண் விழிப்பேன். ஆகவே எல்லாப் படத்துக்கும் முடிவை அம்மாதான் சொல்வார். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் எடுக்க அவரோடு நிரைக்குப் போவேன். மரத்துக்கு மரம் உளி ஓடும், வாய் கதை சொல்லும். நாலு மரத்துக்கு ஒரு காட்சி என்று கணக்கு.

1970-இன் கடைசியில் 'பாசமலர்' போட்டார்கள். 1961-இல் வந்த படம், எங்கள் திடலுக்கு வந்து சேர அத்தனை வருடம். பீம்சிங் இயக்கம், சிவாஜி அண்ணன், சாவித்திரி தங்கை. வழக்கம்போலத் தூங்கிவிட்டேன். மறுவாரம் நிரையில், "அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு மரம் வெட்டி முடித்த பிறகு சொன்னார்: "அண்ணனுக்குக் கண்ணு தெரியாம போயிடுது. தங்கச்சி ஓடி வந்து கையப் பிடிச்சுக்கிறா. பெரிய டாக்டரு வந்து கண்ணத் திருப்பிக் கொடுத்துடறாரு. அப்புறம் எல்லாரும் ஒரே வீட்டுல இருக்காங்க."

பன்னிரண்டு வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

வீடியோ டேப் வந்த காலம். ரவாங்கில் சித்தப்பா வீட்டில் வாடகைக்கு எடுத்த டேப்பில் 'பாசமலர்' ஓடியது. கடைசி ரீலில் டாக்டர் வருவார் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் வரவில்லை. கண்ணிழந்த அண்ணன், குழந்தைக்குக் கைவீசச் சொல்லிக் கொடுக்கும் பாட்டைத் தங்கையிடம் தழுதழுத்துச் சொல்கிறார். இரண்டு கைகளும் பற்றிக்கொள்கின்றன. இரண்டு பேருமே போய்விடுகிறார்கள். தமிழர்கள் அழுது தீர்த்த அந்தக் காட்சியை, இருபது வயதில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பார்த்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. பஸ் பிடித்து நேராக வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "உனக்கு அப்ப எட்டு வயசு," என்றார். "உன் மாமா கப்பலேறி மூணு மாசம்கூட ஆகல. நான் அத எப்படிடா என் வாயால சொல்லுவேன்?"

அம்மாவுக்கு ஒரே அண்ணன். அவர் ஊரில் பிறந்து கைப்பிள்ளையாக இங்கே வந்தவர். அம்மா இங்கேயே பிறந்தவர். அம்மாவிடம் நீல அடையாள அட்டை, மாமாவிடம் சிவப்பு அட்டை. ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்தவர்களுக்கு இரண்டு நிறம். குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், "இங்கதான இருக்கோம், யாரு துரத்தப் போறா" என்பாராம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்டின. மாமா 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போனார். துறைமுகத்துக்கு அம்மா போகவில்லை. ஒரு நாள் சம்பளம் போகும் என்று காரணம் சொன்னாராம். அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

'பராசக்தி'யில் ரங்கூனிலிருந்து தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு வரும் குணசேகரனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் நீதிமன்ற வசனத்தைத்தான் சொல்கிறோம். எங்கள் லயத்துக் கிழவிகளுக்கு அந்தக் காட்சி பெரிதாகத் தோன்றவில்லை. கடல் கடந்து வந்தவன் சென்னையில் பணத்தையெல்லாம் பறிகொடுத்து நடுத்தெருவில் நிற்பானே, அங்கேதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். கப்பலேறிப் போனவர்களிடமிருந்து வந்த நீலக் கடிதங்களில் அதே மாதிரிச் சேதிகள் இருந்தன. இங்கே சேர்த்த வைப்புநிதிப் பணத்தை உறவுக்காரர்களே கரைத்துவிட்ட கதைகள். 1952-இல் எடுத்த படம், எங்கள் ஆட்களுக்குப் பதினெட்டு வருடம் கழித்து நடந்தது.

1989-இல் அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போனேன். பத்தொன்பது வருடம் கழித்து அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். சினிமாவில் போல யாரும் ஓடி வரவில்லை. மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, தோளில் இருந்த துண்டை உதறி, "உக்காரு" என்றார். வெகுநேரம் கழித்து, "இன்னும் திடல்ல படம் போடுறாங்களா?" என்று கேட்டார். "இப்ப எல்லாம் வீட்டுக்கு வீடு வீடியோ வந்துடுச்சுண்ணே," என்றார் அம்மா. அதற்கு மாமா சிரித்தார். எனக்குத் தெரிந்து அவர்கள் அந்த இரண்டு வாரமும் பேசியதெல்லாம் இப்படித்தான்: யார் வீட்டு மாடு, எந்த மண்டோர், எந்தப் படம். நாலு வருடம் கழித்து மாமா போய்விட்டார். தந்தி வந்தபோது அம்மா அன்றைக்கும் வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்தார்.

திடல் இப்போது இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயத்து ஆட்கள் கோலகுபு பாரு, பத்தாங் காலி, ரவாங் என்று சிதறினோம்.

இதையெல்லாம் அக்காள் மகளிடம் சொல்லி முடித்தபோது முறுக்கு டப்பா காலியாகியிருந்தது. "அப்ப இன்னிக்கே 'பாசமலர்' பார்க்கலாம் மாமா," என்றாள். தொலைக்காட்சியில் யூடியூப்பைத் தட்டி ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். எண்பதைத் தாண்டிய அம்மா சாய்வு நாற்காலியில். பாட்டு வந்த இடங்களில் கையால் தாளம் போட்டார். சாவித்திரி கல்யாணக் கோலத்தில் வந்தபோது, "என்னா அழகு பாரு" என்று பேத்தியிடம் காட்டினார். அவள் பாட்டியின் காலடியில் உட்கார்ந்து, ஒரு தடவைகூடக் கைப்பேசியை எடுக்கவில்லை.

படம் முடிய இருபது நிமிடம் இருந்தது. அம்மா நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

"என்ன பாட்டி, முடிவு பார்க்கலையா?"

"எனக்குத் தெரியும்மா. நீங்க பாருங்க," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய் விளக்கை அணைத்துக்கொண்டார்.