காவலுக்குப் பின் உரையாடல்

ஆசிரியருக்கு,

சாதிப் பகையைக் காவல்துறையால் மட்டும் தீர்க்க இயலாது என்ற தங்கள் தலையங்கக் கருத்து கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு முற்றிலும் பொருந்தும். 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசியன்று, இம்மாவட்டத்து எடுத்தவாய்நத்தம் ஊரின் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் காவல் பாதுகாப்புடன் நுழைந்து நெடுங்காலம் மறுக்கப்பட்ட வழிபாட்டுரிமையைப் பெற்றனர்; எனினும், பட்டியல் சாதியினர், பிற சாதியினர் என இருதரப்பு இளைஞர்களும் ஒன்றாக அமர்ந்து பேச இடமில்லாத ஊரில் அந்த உரிமை காவலரின் துணையை நம்பியே நிற்க நேரும். வழிபாட்டுரிமை பேரத்துக்குரியதன்று, ஆதலால் அதனை இருதரப்பும் ஏற்றுக்கொண்ட பின்னரே உரையாடல் தொடங்க வேண்டும். மோதல் சூழலில் வாழும் இளைஞர்களை அமைதியின் பங்காளிகளாக ஏற்கும் 2250ஆம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2015இலேயே நிறைவேற்றியுள்ளது. இம்மாவட்டக் கல்லூரிகளில் மாதந்தோறும் இளைஞர்களுக்கான இத்தகைய உரையாடல் அமர்வுகளை மாவட்ட நிர்வாகம் நடத்துவதுடன், கல்வராயன் மலையில் வாழும் 'மலையாளி' எனப்படும் பழங்குடிச் சமூகத்தின் மாணவர்களையும் அவற்றில் சம உரிமையுடன் அமரச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கள்ளக்குறிச்சி