வில்காக்ஸ் நாட்டின் கணக்குப் புத்தகம்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா ராஜ்யத்தின் நடுவே, கருமண் செறிந்த ஒரு வட்டாரம் கிழக்கு மேற்காகக் கச்சை கட்டினாற்போல் கிடக்கிறது. ‘பிளாக் பெல்ட்’ என்று அதற்குப் பெயர். அதில் வில்காக்ஸ் என்பது ஒரு கவுண்டி. கவுண்டியை நம் தாலுகாவைப் போன்றதொரு ஆட்சிப் பிரிவென்று கொள்ளலாம். பரப்பு சுமார் 900 சதுர மைல், தலைமையூர் காம்டன். பருத்தி விளைவிப்போரும் துணி செய்வோரும் கூடியிருக்கும் நமது சங்கத்தார் இந்தத் தொலைதூரச் சீமையின் வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் பார்ப்பது நலம்.

ஜனத்தொகைக் கணக்கை முதலில் காண்போம். 1860-ல் அங்கிருந்தோர் 24,618 பேர். அவர்களுள் ஏறக்குறைய 17,800 பேர் அடிமைகள். 1900-ல் மொத்தம் 35,631. 2020-ம் ஆண்டுக் கணக்கின்படி 10,600. ஒரு நூற்றாண்டுச் சொச்ச காலத்தில் பத்துப் பேரில் எழுவர் குறைந்துவிட்டனர். பஞ்சமோ போரோ அவ்வூர்களை அழித்துவிடவில்லை. ஆறும் மண்ணும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதற்குக் காரணம் கேட்டால் பலரும் காய் வண்டைச் சொல்வார்கள். 1910-ல் அந்தப் பூச்சி அலபாமாவை எட்டியதும், பருத்திக் காய்கள் செடியிலேயே பாழானதும் உண்மை. பின்னர் விலை சரிந்ததும், வடக்கே ஆலை நகரங்கள் கூலி தந்து ஆட்களை அழைத்ததும் உண்மையே. ஆயினும் இவை எல்லாவற்றிற்கும் முந்திய காரணம் ஒன்றுண்டு என்பது என் கருத்து. கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்பதே அது.

வில்காக்ஸ் கவுண்டி 1819-ல் அமைந்தது. நிலம் பெருந்தோட்டக்காரருக்கு, உழைப்பு அடிமைகளுக்கு. பஞ்சுப் பொதிகள் அலபாமா நதிவழியே மொபைல் துறைமுகம் சென்று, அங்கிருந்து இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போயின. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்த வரத்து தடைப்பட்டபோதுதான் நம் கோயமுத்தூர், திருநெல்வேலிப் பருத்திக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. போர் முடிந்ததும் அந்த விலை விழுந்ததையும் இங்குள்ள வரலாறு அறியும். அவர்கள் துன்பத்தில் நமக்கொரு சிறு லாபம் கிட்டியது என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனாலும் மறைப்பதற்கில்லை.

அடிமைத்தனம் ஒழிந்த பின் வந்தது வாரச் சாகுபடி. விதை, கலப்பை, கோவேறு கழுதை, மாவு, துணி யாவும் கடைக்காரர் கடனாகத் தருவார். அறுவடைக்குப் பின் அவரே பஞ்சை எடுத்துக்கொண்டு, அவரே விலை போட்டு, அவரே பற்றுவரவு எழுதுவார். மாஸ்டர் நெசவாளரிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்த தலைமுறையினர் நம்மிடையே இருந்தால், அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இக்கவுண்டியில், நதி வளைந்து மூன்று புறமும் சூழ்ந்த ஓரிடம் ஜீஸ் பெண்ட். 1932-ல், கடன் கொடுத்திருந்த காம்டன் வியாபாரி ஒருவர் இறந்துபோக, அவர் வீட்டார் நிலுவையை ஒருசேர வசூலிக்க ஆள் அனுப்பினர். வந்தவர்கள் சோளம், கருவிகள், கால்நடைகள், கோழிகள் முதலாக அனைத்தையும் அள்ளிச் சென்றனர். அந்தப் பனிக்காலத்தைச் சுமார் 60 குடும்பங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவைக்கொண்டு கடத்தின.

பின்பு மத்திய சர்க்கார் அந்தத் தோட்டத்தை, ஏறத்தாழ 10,000 ஏக்கரை, விலைக்கு வாங்கிற்று. வீடுகள் கட்டித் தந்தது. கூட்டுறவுக் கடையும் பஞ்சு அரைவை ஆலையும் எழுந்தன. 1940-களில் நிலம் அங்கு உழுதவர்களுக்கே தவணையில் விற்கப்பட்டது. இதன் பயன் இருபதாண்டு கழித்தே முழுதும் தெரிந்தது. வாக்குரிமை கேட்ட கறுப்பின மக்களை 1960-களில் நிலச்சுவான்தார்கள் குடிசைகளிலிருந்து வெளியேற்றினர். ஜீஸ் பெண்டில் சொந்த நிலம் உடையோரை அவ்வாறு வெளியேற்ற எவராலும் முடியவில்லை. செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: 1962-ல் படகுத்துறை நிறுத்தப்பட்டது. நதியைக் கடந்தால் சில மைல் தூரமுள்ள காம்டனுக்குச் சாலைவழி சுமார் 40 மைல் சுற்ற வேண்டியதாயிற்று. அந்தப் படகு மறுபடி ஓடியது 2006-ல்!

சர்க்கார் செய்த நன்மையை மட்டும் சொல்லி விட்டுவிடுவது முறையன்று. 1960-களில் மில்லர்ஸ் பெரி என்னுமிடத்தில் எழுப்பிய அணை, அதே ஊரின் நல்ல நஞ்சைப் பாங்கான நிலத்தில் பெரும்பகுதியை நீருக்குள் ஆழ்த்திற்று.

இனி, நமக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருவோம். அவ்வூர்ப் பெண்கள் பழைய வேலைச்சட்டைகளையும் மாவுப் பைகளையும் கிழித்து ஒட்டித் தைத்த போர்வைகள் குளிருக்காகச் செய்தவை; விற்பனைக்காக அல்ல. பிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் அவற்றைக் கண்டு, வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் பெண்களே ‘பிரீடம் குயில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் அதை நடத்தினார். சங்கம் முதலில் செய்த பெருங்காரியம் 23 ஏக்கர் நிலம் வாங்கியதே. அதில் தையற்கூடம் கட்டியதோடு, வாக்குரிமைக்காக வீடிழந்த குடும்பங்களுக்கும் மனை விற்றார்கள். இதைவிட நல்ல முதலீட்டுத் தீர்மானத்தை எந்த நிர்வாகக் குழுவும் செய்திருக்குமென நான் நினைக்கவில்லை.

பெரிய கடைகளின் ஆர்டர்கள் வந்தன. 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்க ஒப்பந்தமாயிற்று. அளவு ஒன்று, நிறம் வகுத்தபடி, தையல் சொன்னபடி. இது கூலி தந்தது. ஊருக்கு அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் கைவண்ணத்துக்கு அதில் இடமில்லை. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்கள் தம் மனம்போல் ஒட்டித் தைத்த போர்வைகளும், பழைய சட்டைப் போர்வைகளுமே 2002-ல் ஹூஸ்டன் நுண்கலைக்கூடத்தில் காட்சிக்கு ஏறின. 2006-ல் தபால்தலைகளிலும் ஊரின் போர்வைகள் அச்சாயின. சங்கமோ ஆர்டர் குறைந்து, மூத்தோர் ஒவ்வொருவராக மறைய, 2012-ல் மூடப்பட்டது.

ஒப்பந்த வேலையே கூடாது என்பார் சிலர். அடுப்பெரிய வேண்டியவர்களிடம் அவ்வாறு பேசுவது எளிதன்று. நான் அக்கட்சியைச் சேர்ந்தவனல்லன். ஆனால் ஒப்பந்தம் தந்த ஆண்டுகளில் சங்கத்துக்கெனச் சொந்த மாதிரிகளும் சொந்த விற்பனையும் சேர்ந்தே வளர்ந்திருக்க வேண்டும். இளம் பெண்கள் அங்கத்தினராய்ப் பதிவாகியிருக்க வேண்டும். காட்டு மரமும் பைன் ஹில் காகித ஆலையும் பிழைப்புத் தரும் இன்றைய வில்காக்ஸில், ஊசிவேலையை நம்பி ஊரில் தங்க இளைஞருக்குக் காரணம் குறைவு.

வருகிற மகாசபையில் நமது நிர்வாகக் குழுவினரை இரண்டு எண்கள் கேட்கலாமென்றிருக்கிறேன்: நம் விற்பனையில் ஒரே கொள்முதல்காரரிடம் போகும் பங்கு எவ்வளவு? நம் பதிவேட்டில் முப்பது வயதுக்கு உட்பட்டவர் எத்தனை பேர்?