என்ன கம்பி என்று முதலில் கேளுங்கள்

ஆயுத பூஜை நெருங்கும் வாரங்களில் நம்மில் பலரிடமும் இந்தக் கேள்வி வரும். "பொண்ணு நகை செய்யக் கத்துக்கிறா, நல்ல கட்டர் ஒண்ணு வாங்கித் தரணும். எது வாங்கலாம்?" கேட்பவர் அப்பாவாக இருப்பார், கணவராக இருப்பார், பையனைப் பட்டறையில் சேர்த்துவிட்ட மாமாவாக இருப்பார். பெரும்பாலும் ஒரு கம்பெனிப் பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது போதாது. அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பெண் என்ன கம்பியை வெட்டுகிறாள்?

கைதேர்ந்தவருக்கு மோசமான கட்டர் ஒரு தொல்லை, அவ்வளவுதான். முனை சரியாக வரவில்லை என்றால் அரத்தை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மேலே போவார். புதிதாகக் கற்பவருக்கு அப்படியில்லை. வளையத்தின் இரு முனைகளும் பொருந்தவில்லை என்றால் தவறு கருவியிலா கையிலா என்று அவருக்குத் தெரியாது. கைதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஆர்வத்தோடு தொடங்கிய எத்தனையோ பேர் மூன்றாம் மாதத்தில் பெட்டியை மூடிவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான், தொடக்கக்காரருக்கு மலிவானது போதும் என்ற வழக்கமான யோசனையை நான் ஏற்பதில்லை. நல்ல கட்டர் முதலில் அவர் கைக்குத்தான் போக வேண்டும்.

எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சைடு கட்டரின் இரண்டு தாடைகளும் இருபுறமும் சரிவாகத் தீட்டப்பட்டவை. அது கம்பியைப் பிதுக்கித்தான் துண்டாக்குகிறது. வெட்டிய இரண்டு முனைகளிலும் கூரை முகடுபோல ஒரு மேடு நிற்கும். ஃப்ளஷ் கட்டரில் ஒரு பக்கம் தட்டையாகத் தீட்டியிருப்பார்கள். தட்டைப் பக்கத்தில் இருக்கும் முனை சமமாக வரும், மறுபக்கத்து முனை கூராகவே இருக்கும். ஆகவே சுருளிலிருந்து வளையம் வெட்டுகிறவர் ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டரைத் திருப்பிப் பிடித்து, கூர் முனையை நறுக்கிவிட்டுத்தான் அடுத்ததை வெட்ட வேண்டும். பரிசு கொடுப்பவர் இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கட்டரும் பாதி வேலைதான் செய்யும். அந்த மேடு வெறும் அழகுக் குறை அல்ல. காதுக் கொக்கியின் முனையில் நின்றால் துளையைக் கிழிக்கும், மாலைக் கொளுவியில் நின்றால் பட்டுப் புடவையில் இழை இழுக்கும். பணம் கொடுத்து வாங்கி அணிகிறவர் உடம்பில்தான் கட்டரின் தரம் தெரியவரும். கனமான தங்க, வெள்ளி வளையங்களுக்கு ரம்பம்தான் இன்றும் சரி. அங்கே கட்டருக்கு வேலை குறைவு.

இப்போது கம்பிக்கு வருவோம். செம்பு, பித்தளை, வெள்ளி, தங்கம் எல்லாம் மென்மையானவை, ஃப்ளஷ் கட்டர் அவற்றுக்காகவே இருக்கிறது. ஆனால் மணி கோக்கிறவர்கள் நாள்தோறும் கையாளும் கியர் ஒயர் நைலான் பூசிய எஃகு இழை. வளையல் செய்யும் மெமரி ஒயர் அதைவிடக் கடினம், வில்போலக் கடினப்படுத்தப்பட்டது. சந்தையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் ஹெட் பின், ஐ பின் பலவும் தங்க முலாம் பூசிய இரும்பு. தட்டையாகத் தீட்டிய கூருக்குப் பின்னால் தாங்கி நிற்க உலோகம் குறைவு. மெமரி ஒயரை ஒரே ஒரு முறை வெட்டினாலும் அங்கே பல் விழும். அதன்பின் வெட்டும் ஒவ்வொரு செம்புக் கம்பியிலும் அந்தப் பல்லின் தடம் பதியும். பின்னிலும் கம்பியிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஃப்ளஷ் கட்டரை அருகில் கொண்டுபோகாதீர்கள். காந்தம் ஒட்டாத துருப்பிடிக்கா எஃகும் உண்டு, அதற்கும் இதே விதிதான்.

ஆகவே பரிசு என்பது இரண்டு கட்டர். மென்கம்பிக்குச் சிறிய ஃப்ளஷ் கட்டர் ஒன்று, எஃகுக்குத் தடித்த தாடை கொண்டது ஒன்று. பணம் குறைவென்றால் முதலாவதில் செலவழியுங்கள். இரண்டாவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டபாரியா போன்ற திடமான சைடு கட்டர் தாராளமாகப் போதும். ஜிப் வைத்த பையில் ஐந்து குறடு, ஒரு கட்டர், ஒரு சாமணம் என்று அடுக்கி விற்கிறார்களே, அதை மட்டும் வாங்க வேண்டாம். பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் அதில் இருக்கும் கட்டர் அநேகமாக எந்த வேலைக்கும் உருப்படியாக இராது.

அடுத்தது கேஜ். இதில் பழகியவர்களே தடுமாறுகிறார்கள். அமெரிக்க நிறுவனமான ஸூரானின் 170-II மாடல் மென்கம்பியை 18 கேஜ் வரை வெட்டும் என்று போட்டிருக்கும். அது அமெரிக்க அளவு, ஏறத்தாழ 1.02 மில்லிமீட்டர். நம் கடைகளில் பித்தளைக் கம்பி பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி.யில் விற்கிறது. அதில் 18 கேஜ் என்றால் 1.22 மில்லிமீட்டர். எண் ஒன்றுதான், கம்பியின் குறுக்குப் பரப்பு நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். அந்தக் கம்பிக்கு அந்தக் கட்டர் தாங்காது. கேஜை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள், மில்லிமீட்டரிலேயே சொல்லிக் கொடுங்கள்.

நாம் கொண்டாடும் கட்டர்கள் பலவும் நகைக்காகப் பிறந்தவை அல்ல. மின்னணுப் பலகைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை ஒட்ட நறுக்க உருவானவை. சுவீடனின் லிண்ட்ஸ்ட்ராம், கலிபோர்னியாவின் ட்ரானெக்ஸ், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1882 முதல் இயங்கும் க்னிபெக்ஸ் எல்லாம் அந்த வழியில் நம்மிடம் வந்தவை. அதனால் சென்னையில் இருப்பவர்கள் நகைப்பொருள் கடைகளோடு நின்றுவிடாமல் ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் பார்க்கலாம். க்னிபெக்ஸின் சூப்பர் நிப்ஸ் வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே வடிவம் இரண்டு வகை எஃகில் வருகிறது. துருப்பிடிக்காத வகையின் கூர் ராக்வெல் கடினத்தன்மை அளவில் சுமார் 54, மற்றது சுமார் 64. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ உப்புக் காற்றில் இருந்து செம்பு, வெள்ளி மட்டுமே வெட்டுகிறவருக்கு நான் முதல் வகையைச் சொல்வேன். கோவைப் பட்டறையில் நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு இரண்டாவது. லிண்ட்ஸ்ட்ராம் வாங்க ஆயிரங்களில் செலவாகும். தொழிலாகவே செய்யப்போகிறவருக்கு அது தகும், பொழுதுபோக்காகத் தொடங்குகிறவருக்குத் தேவையில்லை.

கடையில் மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனி வரை கூர்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். நுனியால் மட்டும் மெல்லிய டிஷ்யூ தாளையோ தையல் நூலையோ வெட்டச் சொல்லுங்கள். மெல்லாமல் துண்டாக வேண்டும். கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்தால் மூட்டு ஆடக் கூடாது. இவை எல்லோருக்கும் பொதுவானவை. கை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சிறிய உள்ளங்கைக்கு அகலமாக விரியும் பிடி ஆகாது. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் நூறு வெட்டுக்குள் கட்டைவிரலடி வலிக்கத் தொடங்கும். அதனால் இந்தப் பரிசில் ஆச்சரியம் வேண்டாம். பெறுகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள், அவர் பயன்படுத்தும் கம்பியில் சில துண்டுகளையும் எடுத்துப் போங்கள். வெட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். புதிய கட்டருக்குக் கைப்பிடியில் வையுங்கள். ஈரச் சந்தனம் மூட்டில் இறங்கி இரவெல்லாம் கிடந்தால் காலையில் துரு தெரியும். மறுநாள் எடுக்கும்போது துணியால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும்.

கொடுக்கும்போது கூடவே ஒரு சீட்டு எழுதி வையுங்கள். செம்பு, பித்தளை, வெள்ளி என்றால் எத்தனை மில்லிமீட்டர் வரை. கியர் ஒயர், மெமரி ஒயர், காந்தம் ஒட்டும் பின் எதுவும் ஃப்ளஷ் கட்டரில் கூடாது. தடித்த கம்பியைத் தாடையின் அடியில் வைத்து வெட்ட வேண்டும், நுனியில் அல்ல. வெட்டும்போது முறுக்கக் கூடாது. துண்டு தெறிக்கும், ஆகவே வெட்டும் முனையை விரலால் மறைத்துக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும்.