வாசல் ஏறாமல் வாக்கு வராது

எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஆம்பூர், வாணியம்பாடியில் வீடு வீடாகப் போவது வீண், வாட்ஸ்அப்பே போதும் என்கிற வாதம் தவறு. ரொக்கம் பிடிபட்டு ரத்தாகி, 2019 ஆகஸ்ட் 5இல் நடந்த, இவ்வூர்கள் அடங்கிய வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தலின் வெற்றி வித்தியாசம் வெறும் 8,141. அமெரிக்காவின் நியூ ஹேவனில் அரசியல் ஆய்வாளர்கள் கெர்பரும் கிரீனும் 1998இல் நடத்திய கள ஆய்வில், நேரில் சந்திக்கப்பட்டவர்களிடையே வாக்களிப்பு சுமார் 9 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. தொலைபேசி அழைப்பு பயன் தரவில்லை. இங்கே எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே வாக்களிக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், அதனால்தான் மிச்சமிருப்பவர்களை எட்டுவது கடினம். காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பின் திரும்பும் பெண்களைப் பகல் பிரச்சாரம் சந்திப்பதே இல்லை. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை என்பது சட்டம் தந்த உரிமை. கட்சிக்காரர்களே, அதையாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலில் நின்று சொல்லுங்கள்.