மோசக்காரி என்று முத்திரை குத்தியது யார்?

குறி சொல்லி, கூடை முடைந்து விற்று, ஊர் ஊராக நடந்து பிழைத்தாள் குறத்தி. பகலில் குறி சொல்லுவதுபோல் வந்து வீட்டை நோட்டம் பார்க்கிறாள், இரவில் அவள் ஆட்கள் வந்து கன்னம் வைக்கிறார்கள் என்று வெள்ளைக்காரப் போலீஸ் எழுதி வைத்தது. மிராசுதார் அதை நம்பினார். ஊரும் நம்பியது. அவள் மோசக்காரி ஆனாள்.

குறி சொல்லி ஏய்த்தவர் ஒருவருமே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. ஏய்ப்பவர் எந்தக் கூட்டத்திலும் உண்டு. அவர்களைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமலா போயிற்று? 1860லேயே இந்தியத் தண்டனைச் சட்டம் வந்துவிட்டது. மோசடிக்கு அதில் 420ஆவது பிரிவு இருந்தது. ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும், ருசு வேண்டும். தண்டனை பெற்றவருக்கு அப்பீலும் உண்டு.

ஏழைப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் போதாதென்று சர்க்கார் நினைத்தது! வடக்கே 1871 முதல் அமலில் இருந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஓர் இனம் முழுவதையுமே குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவிக்கலாம். அந்த அறிவிப்பு சரியா என்று கேட்க எந்தக் கோர்ட்டுக்கும் உரிமை இல்லை. பதிவு செய்யப்பட்டவர் திருடவே வேண்டாம். திருடப்போகும் நிலையில் இருந்தார் என்று கோர்ட்டு கருதினாலே மூன்றாண்டு வரை சிறை. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. செய்த குற்றத்துக்கு அல்ல, பிறந்த பிறப்புக்கே தண்டனை!

இந்த மக்கள் அதற்கு முன்பு எப்படிப் பிழைத்தார்கள்? கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றினார்கள். ரயில் வந்தது, உப்பு வியாபாரம் போயிற்று. 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது, மூங்கிலுக்கும் புல்லுக்கும் காவல் போட்டார்கள். பிழைப்பைப் பறித்த சர்க்காரே, பிழைப்பற்றவர்களைத் திருடர் என்றது.

அதோடு விட்டதா? குண்டூர் ஜில்லாவில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பை அமைத்து, அதை இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்தது. குறவர்களின் உறவினரான எருகலர்கள் குடும்பத்தோடு அங்கே வைக்கப்பட்டார்கள். அங்கிருந்து ஆணும் பெண்ணும் சீராலாவில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் புகையிலை ஆலைக்கு வேலைக்குப் போனார்கள். ஓட முடியாத கூலியாள் முதலாளிக்குக் கிடைத்தான். சீர்திருத்தம் என்ற பேச்சின் உட்பொருள் இதுதான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வெற்றுப் பத்திரத்தில் ஏழையின் கைநாட்டை வாங்கி, பத்து ரூபாய்க் கடனை நூறாக்கி நிலத்தை விழுங்கிய லேவாதேவிக்காரன் எந்தப் பரம்பரை? அளக்கும் மரக்காலில் கள்ளம் வைத்துக் கூலி நெல்லைக் குறைத்த பண்ணையார் எந்தப் பரம்பரை? அவர்கள் கைரேகையை எந்தப் போலீஸ் ஸ்டேஷன் கேட்டது?

கைரேகை கொடுக்க மறுத்துப் பெருங்காமநல்லூர்க் கள்ளர் குடிகள் எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ந் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். போராட்டம் ஓயவில்லை. சென்னை மாகாணத்தில் 1947ல் அச்சட்டம் ஒழிந்தது. 1952ல் நாடு முழுவதும் ஒழிந்தது.

ஏட்டில் ஒழிந்தது, போலீஸ் மனத்தில் ஒழிந்ததா? 1993ல் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில், குறவர் குலத்து உழைப்பாளி ராஜாக்கண்ணு திருட்டுப் பழியின் பேரில் சித்திரவதைக்கு உள்ளாகி உயிர்விட்டார். அவர் மனைவி பார்வதி அஞ்சி ஒதுங்கவில்லை. செங்கொடியின் துணையோடு கோர்ட்டுப் படி ஏறினார். நெடிய வழக்குக்குப் பிறகே போலீசார் தண்டனை பெற்றார்கள். யாருடைய இனத்தைப் போலீஸ் கள்ளக் கூட்டம் என்றதோ, அந்த இனத்துப் பெண்தான் சட்டத்தைச் சட்டமாக நடக்க வைத்தார்!

தோழர்களே! நம் தெருவில் ஒரு பொருள் காணாமல் போனால், நம் கண் முதலில் யார் குடிசைப் பக்கம் திரும்புகிறது? வெள்ளைக்காரன் எழுதி வைத்த ஏடு நம் மனத்தில் இன்னும் இருக்கிறதா என்று நாமே சோதித்துப் பார்ப்போம். வயலிலும் ஆலையிலும் நம்மோடு வேர்வை சிந்துகிற அந்தச் சகோதரியைச் சங்கத்தில் நம் பக்கத்தில் உட்கார வைப்போம். அவளைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போக வண்டி வரும் நாளில், ஸ்டேஷன் வாசலில் நாம் எல்லோரும் நிற்போம்.